கரிம சூரிய மின்கலம்: நூறு நானோமீட்டர் படலத்துக்குள் என்ன நடக்கிறது?

2001இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், ஒரு பாலிமரையும் (சிறு அலகுகள் நீண்ட சங்கிலியாக இணைந்த பிளாஸ்டிக் வகைப் பொருள்) ஃபுல்லரீன் (கார்பன் அணுக்களாலான பந்து வடிவ மூலக்கூறு) வகைப் பொருள் ஒன்றையும் கலந்து சூரிய மின்கலம் செய்துகொண்டிருந்த ஆய்வுக் குழு ஒன்று, கரைப்பானை மட்டும் மாற்றிப் பார்த்தது. டொலுவீனில் கரைத்துப் பூசிய மின்கலம், விழுந்த ஒளி ஆற்றலில் 0.9 சதவீதத்தை மின்சாரமாக்கியது. அதே பொருட்களைக் குளோரோபென்சீனில் கரைத்துப் பூசியபோது அது 2.5 சதவீதமாக உயர்ந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு மின்கலங்களிலும் கரைப்பான் ஆவியாகிப் போய்விட்டது. வெயிலைப் பிடிப்பதிலும் மின்சாரம் கடத்துவதிலும் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. போகிற போக்கில் அது விட்டுச்சென்ற அடுக்குமுறைதான் வேறு. அந்த அடுக்குமுறையால் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்!

இப்படிக் கார்பன் சார்ந்த பொருட்களால் ஆன கரிம சூரிய மின்கலங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் பெயர்களிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். பெயர்களும் அப்படித்தான் இருக்கின்றன: பி3எச்டி, பிசிபிஎம், பிடிபி7, ஒய்6. ஆனால் எந்த மூலக்கூறு என்பது பாதிக் கதை. அந்த மூலக்கூறுகள் மென்படலத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது மீதிப் பாதி. என்னைக் கேட்டால், இரண்டாவது பாதிதான் சுவாரசியமானது.

முதலில் அடிப்படை. பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது என்றுதான் நமக்குப் பழக்கம். மின்கம்பிக்கு மேலுறை போடுவதே அதனால்தான். ஆனால் கார்பன் அணுக்கள் சங்கிலியாக இணைந்து, ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, மறுபடி ஒற்றை, மறுபடி இரட்டை என்று மாறி மாறி வந்தால் நிலைமை வேறு. அந்தச் சங்கிலியில் சில எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல் சங்கிலி நெடுகப் பரவி நிற்கும். ஹிடெகி ஷிரகாவா, ஆலன் மக்டயர்மிட், ஆலன் ஹீகர் மூவரும் இத்தகைய பாலிமர் ஒன்றில் அயோடின் போன்றவற்றைச் சேர்த்து, அதை உலோகம் போலக் கடத்த வைத்து 1977இல் வெளியிட்டார்கள். அதற்காக 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அயோடின் போன்ற எதையும் சேர்க்காமல் தூய நிலையில் விட்டால் இவை குறைக்கடத்திகளாக இருக்கும். ஒளியை உறிஞ்சும். இவற்றில் பலவற்றைக் கரைப்பானில் கரைத்து மைபோல அச்சடிக்கலாம். சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்கிப் படிகமாக வளர்க்க வேண்டியிருக்கும்போது, அச்சடிக்கக்கூடிய குறைக்கடத்தி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இன்னொரு வசதியும் உண்டு. இவை ஒளியை மிகத் தீவிரமாக உறிஞ்சும். சாதாரண சூரிய பேனலில் இருக்கும் சிலிக்கான் வில்லை நூற்றைம்பது மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடிமனாக இருக்கும். கரிமப் படலம் நூறு, இருநூறு நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் போதும். அதாவது சிலிக்கானைவிட ஆயிரம் மடங்கு மெலிது.

இவ்வளவு வசதி இருந்தும் இந்த மின்கலங்கள் பல ஆண்டுகள் ஒரு சதவீதத்தைத் தாண்ட முடியாமல் தவித்தன. காரணம் எக்ஸிட்டான்.

சிலிக்கானில் ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது, அது இருந்த இடத்தில் ஒரு துளை உண்டாகிறது. துளை என்பது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடம்; நேர்மின்னூட்டம் போல நடந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு. ஆனால் சிலிக்கானின் மின்காப்பு மாறிலி 12க்கு அருகில். அந்த ஊடகம் ஈர்ப்பை வெகுவாகத் தணித்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் அணுக்களின் இயல்பான அதிர்வே இரண்டையும் பிரித்துவிடப் போதுமானது.

கரிமப் பொருட்களில் மின்காப்பு மாறிலி 3 அல்லது 4தான். ஈர்ப்பு தணிவதில்லை. எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு சோடியாகவே திரியும். இந்தச் சோடிக்குப் பெயர்தான் எக்ஸிட்டான். அதைப் பிரிக்கப் பொதுவாக 0.3 முதல் 0.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அறை வெப்பம் தருவதோ வெறும் 0.025. பத்து, இருபது மடங்கு பற்றாக்குறை. பிரியாத சோடியால் மின்சாரத்துக்குப் பயனில்லை. நேரும் எதிரும் ஒன்றாக இருக்கும்வரை அது நடுநிலைத் துகள். மின்புலம் அதை எந்தப் பக்கமும் இழுக்காது. கொஞ்ச நேரம், ஒரு நானோவினாடிக்கும் குறைவாக, அங்குமிங்கும் அலைந்துவிட்டு இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து மறைந்துபோகும். வாங்கிய ஒளி வெப்பமாகவோ மங்கிய ஒளியாகவோ வீணாகிவிடும்.

இதற்கு வழி காட்டியவர் சிங் டாங். ஹாங்காங்கில் பிறந்தவர், அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றியவர். இன்று பல கைபேசித் திரைகளில் இருக்கும் ஓஎல்இடியிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1986இல் அவர் வெளியிட்ட மின்கலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கரிம அடுக்குகள் இருந்தன. கீழே தாமிர தாலோசயனின் என்ற நீல நிறமி, மேலே பெரிலீன் வகைச் சிவப்பு நிறமி. ஒரு பொருளுக்கு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் குணம், அது வழங்கி. மற்றதற்கு வாங்கிக்கொள்ளும் குணம், அது ஏற்பி. எக்ஸிட்டான் இந்த இரண்டும் சந்திக்கும் எல்லைக்கு வந்துவிட்டால், ஏற்பிக்குத் தாவுவது எலக்ட்ரானுக்கு ஆற்றல் அளவில் இலாபம். அங்கே சோடி பிரிகிறது. எலக்ட்ரான் ஏற்பி வழியாக ஒரு மின்வாய்க்கும், துளை வழங்கி வழியாக மற்ற மின்வாய்க்கும் போகின்றன. செயல்திறன் ஏறத்தாழ 1 சதவீதம். இன்று சிரிப்பாக இருக்கலாம். அதற்கு முன் ஒற்றைப் பொருளை வைத்துச் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கிடைத்தது.

ஏன் ஒரு சதவீதத்தோடு நின்றது? எக்ஸிட்டான் வாழும் அந்தச் சொற்ப நேரத்தில் அதனால் சராசரியாகப் பத்து நானோமீட்டர்தான் நகர முடியும். படலம் ஒளியை நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் நூறு நானோமீட்டர் தடிமன் வேண்டும். எல்லையை ஒட்டிய பத்து நானோமீட்டருக்குள் பிறந்த எக்ஸிட்டான்கள் மட்டும் பிழைக்கின்றன. மற்றவை எல்லையைப் பார்க்காமலேயே அழிகின்றன. படலத்தை மெலிதாக்கினால் ஒளி தப்பிவிடும். தடிமனாக்கினால் எக்ஸிட்டான் போய்ச் சேராது. இந்தப் பத்துக்கும் நூறுக்கும் உள்ள இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் பிற்பாடு நடந்தவற்றில் பெரும்பகுதி இதைச் சமாளிக்கச் செய்த முயற்சிதான்.

இரண்டையும் கலந்துவிட்டால்?

அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் ஹீகர், வுட்ல், சரிசிஃப்ட்சி ஆகியோரின் குழு 1992இல் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. ஒளி பட்ட பாலிமரிலிருந்து, அறுபது கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ ஃபுல்லரீனுக்கு எலக்ட்ரான் நம்பமுடியாத வேகத்தில் தாவுகிறது. பின்னாளில் அளந்தபோது அந்த நேரம் ஒரு நானோவினாடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. எல்லையைத் தொட்டுவிட்டால் போதும், எக்ஸிட்டான் வீணாவதற்கு அவகாசமே இல்லை.

அப்படியானால் எல்லையைப் படலம் முழுக்கப் பரப்பிவிடலாமே? 1995இல் அதே சாண்டா பார்பராவிலிருந்து வந்த விடை இதுதான். பாலிமரையும், எளிதில் கரையும்படி வால் ஒன்று ஒட்டவைத்த ஃபுல்லரீனான பிசிபிஎம்மையும் ஒரே பாட்டிலில் கரைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பிணைந்த படலம் கிடைத்தது. எக்ஸிட்டான் எங்கே பிறந்தாலும் சில நானோமீட்டர் தள்ளி ஓர் எல்லை இருக்கும். படலத்தை நூறு நானோமீட்டருக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் இரண்டு பாலிமர்களைக் கலந்தும் இதைச் செய்து காட்டினார்கள். இன்றுவரை நல்ல கரிம மின்கலங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன.

சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால், வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. எக்ஸிட்டான் கேட்பது நுண்ணிய கலவை. எவ்வளவு நுணுக்கமாகக் கலக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் பிரிந்தபிறகு எலக்ட்ரானும் துளையும் கேட்பது அதற்கு நேர் எதிரானது. ஏற்பிப் பொருளாலேயே ஆன, இடையில் அறுந்துபோகாத பாதை ஒன்று எலக்ட்ரானுக்கு வேண்டும். மின்வாய்வரை அது நீள வேண்டும். துளைக்கும் வழங்கியில் அதேபோல ஒன்று. மிக நுணுக்கமாகக் கலந்துவிட்டால் எலக்ட்ரான் ஒரு தனி ஃபுல்லரீன் மூலக்கூறில் சிக்கிக்கொள்ளும். அல்லது போகிற வழியில் எதிர்ப்படும் துளையோடு மறுபடி சேர்ந்துவிடும். பெரிய பெரிய திட்டுகளாகப் பிரித்துவிட்டால் பாதைகள் நன்றாக இருக்கும், ஆனால் எக்ஸிட்டான்கள் திட்டின் நடுவிலேயே செத்துவிடும். இரண்டு தரப்புக்கும் ஓரளவு ஒத்துவருவது பத்திலிருந்து இருபது நானோமீட்டர் அகலமுள்ள திட்டுகள். தூய திட்டு என்பதால் உள்ளே மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கவும் முடிகிறது.

பாடப் படங்களில் இதைச் சீப்பின் பற்கள்போல வரைவார்கள். நீலப் பற்களும் சிவப்புப் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று அழகாகச் செருகியிருக்கும். அந்தப் படத்தை நம்பாதீர்கள். அது விருப்பம், படலத்தில் இருப்பது அல்ல. உண்மையான படலத்தில் ஓரளவு படிகமான பாலிமர்ப் பகுதிகள், ஃபுல்லரீன் செறிந்த பகுதிகள், இவற்றுக்கு நடுவே இரண்டும் மூலக்கூறு அளவில் கலந்த மூன்றாவது பகுதி ஒன்று என்று எல்லாம் கலந்துகட்டி இருக்கும். பிசிபிஎம் பாலிமரின் ஒழுங்கற்ற பகுதிகளுக்குள் கணிசமாகக் கரையும் என்பது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவான பிறகு, எல்லை ஒரு கூர்மையான கோடு என்ற எண்ணத்தையே கைவிட வேண்டியதாயிற்று. அந்தக் கலந்த பகுதி கெடுதல் மட்டுமே செய்வதும் இல்லை. எக்ஸிட்டான்கள் அங்கே எளிதில் பிரிகின்றன; பிரிந்த எலக்ட்ரான் அருகில் தூய ஃபுல்லரீன் திட்டு இருந்தால் அதற்குள் இறங்கி, துளையிடமிருந்து விலகிவிடுகிறது.

இந்த அமைப்பை யாரும் கையால் கட்டுவதில்லை. அது காயும்போது தானாக உருவாகிறது.

ஆய்வகத்தில் வழக்கமான முறை ஸ்பின் கோட்டிங். கடத்தும் ஆக்சைடு பூசிய கண்ணாடித் துண்டின்மேல் சில துளிகள் கரைசலை விட்டு நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று வேகத்தில் சுழற்றுவார்கள். பெரும்பகுதி ஓரத்தில் தெறித்துவிடும். எஞ்சிய மெல்லிய திரவப் படலத்திலிருந்து கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கரைசல் கெட்டியாகக் கெட்டியாக, அதுவரை கரைப்பானின் தயவில் சேர்ந்திருந்த இரண்டு பொருட்களும் விலகத் தொடங்கும். எது முதலில் கரைசலிலிருந்து வெளியேறுகிறதோ அது முதலில் திரளும். விலகல் முழுதாக முடியும்வரை விட்டால் எண்ணெயும் நீரும்போலப் பிரிந்து நிற்கும். அது யாருக்கும் உதவாது. நல்லவேளையாக, கரைப்பான் தீர்ந்ததும் எல்லாம் பாதி வழியில் உறைந்துவிடுகிறது. நமக்குக் கிடைப்பது அந்தப் பாதி வழி நிலைதான். எங்கே உறைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கத்தான் கரைப்பான், வெப்பநிலை, சுழல் வேகம், கலவை விகிதம் என்று ஆயிரம் திருகுகளைத் திருகிப் பார்க்கிறார்கள்.

லின்ஸ் சோதனையின் மர்மம் இப்போது விளங்கும். பிசிபிஎம் டொலுவீனில் குறைவாகவே கரையும். படலம் காயத் தொடங்கியதும் அது அவசரமாகக் கரைசலிலிருந்து வெளியேறி, நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகத் திரண்டுவிட்டது. பத்து நானோமீட்டர் மட்டுமே நகரக்கூடிய எக்ஸிட்டானுக்கு அது பெரும் பாலைவனம். குளோரோபென்சீனில் பிசிபிஎம் தாராளமாகக் கரையும். கடைசிவரை கரைந்தே இருந்து, பாலிமரோடு சேர்ந்து காய்ந்தது. திட்டுகள் சிறியவையாக அமைந்தன.

அடுத்த பாடம் பி3எச்டி என்ற பாலிமர். தயோபீன் என்ற, கந்தகம் கொண்ட வளையங்களின் சங்கிலி. ஒவ்வொரு வளையத்திலும் ஆறு கார்பன் நீளமுள்ள வால். வால்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் ஒட்டியிருந்தால் சங்கிலிகள் நேராகி, பக்கத்துச் சங்கிலிகளோடு அடுக்கிக்கொள்ளும். இந்தப் பொருளைக் கண்ணாலேயே பின்தொடரலாம் என்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். கரைசலில் அது ஆரஞ்சு நிறம். அங்கே சங்கிலிகள் சுருண்டு தனித்தனியாகக் கிடக்கின்றன. காய்ந்து படலமானதும் சிவப்பும் ஊதாவுமாக மாறும். பிசிபிஎம் கலந்து வேகமாகக் காயவைத்த படலம், ஃபுல்லரீன் குறுக்கே நிற்பதால், அரைகுறையாக ஆரஞ்சிலேயே தங்கிவிடும். அதை நூற்றுச் சொச்சம் டிகிரியில் சில நிமிடங்கள் சூடாக்கினால் சங்கிலிகள் நகர்ந்து, நிமிர்ந்து, அடுக்கிக்கொள்ளும். படலம் ஊதாவாகக் கறுக்கும். உறிஞ்சல் வரைபடத்தில் 600 நானோமீட்டர் அலைநீளம் அருகே தோள் போன்ற ஒரு மேடு எழும்பும். அந்தத் தோள் தெரிந்தால் பி3எச்டி படிகமாகியிருக்கிறது என்று பொருள். படிகமாகும் பாலிமர் பிசிபிஎம்மை வெளியே தள்ள, அது தனக்கென்று திட்டுகள் அமைத்துக்கொள்ளும். 2005இல் சாண்டா பார்பரா குழு 150 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி 5 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் யாங் யாங் குழு, படலத்தை ஈரமாகவே எடுத்து மெல்ல மெல்ல உலரவிட்டு 4.4 சதவீதம் பெற்றது. சூடாக்குவதும் மெல்லக் காயவிடுவதும் செய்வது ஒன்றைத்தான்: மூலக்கூறுகளுக்குத் தங்கள் இடத்தைத் தேடிக்கொள்ள நேரம் கொடுப்பது.

ஆனால் எல்லாப் பாலிமர்களும் இப்படிச் சூட்டுக்கு மசியவில்லை. அங்கேதான் டைஅயோடோஆக்டேன் வந்தது. கரைசலில் மூன்று சதவீதம் அளவுக்கு இந்தத் திரவத்தைச் சேர்ப்பார்கள். முதன்மைக் கரைப்பானைவிட இதன் கொதிநிலை மிக அதிகம், ஆகவே கடைசியாகத்தான் போகும். அதோடு, இது ஃபுல்லரீனை நன்றாகக் கரைக்கும், பாலிமரைக் கரைக்காது. குளோரோபென்சீன் போனபிறகு பாலிமர் கெட்டியாகத் தொடங்கும்போதும் ஃபுல்லரீன் திரவத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். பாலிமரின் சட்டகம் அமைந்தபிறகு இடுக்குகளில் போய் அமரும். 2007இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த, கந்தகம் கொண்ட சேர்மம் ஒன்றைச் சேர்த்து சாண்டா பார்பரா குழு ஒரு மின்கலத்தை 2.8இலிருந்து 5.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. அங்கே பிரச்சினை, கலவை மிக நுண்ணியதாக இருந்ததுதான். சேர்க்கை திட்டுகளைப் பெரிதாக்கியது. சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் உருவான பிடிபி7 பாலிமரில் நிலைமை தலைகீழ். ஃபுல்லரீன் நூறு நானோமீட்டருக்கும் பெரிய உருண்டைகளாகத் திரண்டது; டைஅயோடோஆக்டேன் அவற்றைச் சிறிதாக்கியது. ஓரிடத்தில் பெரிதாக்குகிறது, இன்னோரிடத்தில் சிறிதாக்குகிறது. ஆகவே "சேர்க்கை போட்டால் செயல்திறன் கூடும்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்தப் பொருளில், எந்தக் குறையை அது சரிசெய்தது என்று திருப்பிக் கேளுங்கள். படலத்தில் கொஞ்சம் தங்கிவிட்டால் இதே பொருள் ஒளியில் சிதைந்து மின்கலத்தைக் கெடுக்கும் என்பது தனிக்கதை.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன?

திட்டின் அளவு சரியாக அமைந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது: அதற்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன? இந்த மூலக்கூறுகளின் வளையப் பகுதி தட்டையானது. ஒரு தட்டையிலிருந்து பக்கத்துத் தட்டைக்கு மின்னூட்டம் எளிதாகத் தாவும்; இடைவெளி 0.4 நானோமீட்டருக்கும் குறைவு. வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் திசையில் தாவுவது கடினம், அவை மின்காப்பிகள்.

சமையலறையில் தட்டுகளை இரண்டு விதமாக வைப்போம். மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைப்பது ஒன்று, ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தி வைப்பது மற்றொன்று. தட்டுக்குத் தட்டு தாவுவதுதான் எளிய வழி என்றால், படுத்த தட்டுகளில் மின்னூட்டம் மேலும் கீழுமாகப் போகும். நின்ற தட்டுகளில் இடமும் வலமுமாகப் போகும். சூரிய மின்கலத்தில் மின்வாய்கள் படலத்துக்கு மேலும் கீழும் இருக்கின்றன. ஆகவே நமக்கு வேண்டியது படுத்த அடுக்கு. டிரான்சிஸ்டரில் மின்சாரம் படலத்தின் நெடுகே ஓட வேண்டும். அதற்கு நின்ற அடுக்கு. 1999இல் கேம்பிரிட்ஜின் ஹென்னிங் சிரிங்ஹவுஸ் குழு பி3எச்டி டிரான்சிஸ்டர்களில் இதை அளந்து காட்டியது. ஒரே பாலிமர்தான், படுத்திருந்ததற்கும் நின்றிருந்ததற்கும் இடையே இயக்க எண்ணில் (மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு) நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். டிரான்சிஸ்டரில் கொடிகட்டிப் பறக்கும் பொருள் சூரிய மின்கலத்தில் சுமாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பி3எச்டிக்கு நிற்கத்தான் விருப்பம். இன்றைய சிறந்த கலவைகள் பெரும்பாலும் படுக்கின்றன.

மேலிருந்து கீழாகவும் படலம் ஒரே சீராக இருப்பதில்லை. மேற்பரப்பு ஆற்றல் குறைந்த பொருள் காற்றுப் பக்கம் ஏறிக்கொள்ளும். பி3எச்டியும் பிசிபிஎம்மும் கலந்த படலத்தில் மேலே வருவது பி3எச்டி. பழைய வடிவ மின்கலத்தில் மேலே இருப்பது எலக்ட்ரானை வாங்கும் அலுமினிய மின்வாய். அதன் வாசலில் துளை சுமக்கும் பாலிமர் வந்து குவிவது தவறான ஏற்பாடு. அடுக்குகளைத் தலைகீழாக்கி, எலக்ட்ரான் வாங்கும் துத்தநாக ஆக்சைடைக் கீழேயும், துளை வாங்கும் மின்வாயை மேலேயும் வைத்தால் அதே குவிதல் சாதகமாகிவிடும். அலுமினியம் காற்றில் கெடும் தொல்லையும் போய்விடும்.

இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள்? எளிதில் கிடைப்பது அணுவிசை நுண்ணோக்கி. ஆனால் அது தடவிப் பார்ப்பது மேற்பரப்பை மட்டும். மேலே வழவழப்பாகத் தெரியும் படலத்துக்குள் என்ன இருக்கிறதென்று அது சொல்லாது. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேறு சிக்கல்: இரண்டு பொருட்களுமே பெரும்பாலும் கார்பன், அடர்த்தியிலும் பெரிய வித்தியாசமில்லை, படம் மங்கலாகவே வரும். மூலக்கூறு அடுக்கைக் காண எக்ஸ் கதிர்தான் சிறந்த வழி. படலம் மிக மெலிதானதால், சின்க்ரோட்ரானிலிருந்து (எலக்ட்ரான்களை வளையத்தில் அதிவேகமாகச் சுழற்றி எக்ஸ் கதிர் உண்டாக்கும் பெரிய இயந்திரம்) வரும் கதிரைக் கிட்டத்தட்டப் படலத்தை உரசிச் செல்லும்படி 0.1, 0.2 டிகிரிக் கோணத்தில் விடுவார்கள். அப்போது கதிர் படலத்துக்குள்ளேயே நெடுந்தூரம் பயணப்படும். சிதறலில் பி3எச்டிக்கு இரண்டு முக்கிய இடைவெளிகள் தெரியும்: தட்டைக்கும் தட்டைக்கும் 0.38 நானோமீட்டர், வால்கள் விலக்கி வைக்கும் திசையில் 1.6 நானோமீட்டர். முதல் இடைவெளியைக் காட்டும் வில் வடிவத் தடம் சிதறல் படத்தின் செங்குத்துத் திசையில் தெரிந்தால் மூலக்கூறுகள் படுத்திருக்கின்றன. கிடைத்திசையில் தெரிந்தால் நிற்கின்றன. திட்டுகளின் அளவை அறிய, கார்பனின் உறிஞ்சல் விளிம்புக்கு அருகே, சுமார் 284 எலக்ட்ரான் வோல்ட்டில், மென் எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துவார்கள். அந்த ஆற்றலில் பிணைப்பு வகைகளுக்கேற்பக் கார்பன் வெவ்வேறாக நடந்துகொள்வதால் வழங்கியும் ஏற்பியும் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

ஃபுல்லரீன் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. அதன் குறைகளும் பழையவைதான்: கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சரியாக உறிஞ்சாது, ஆற்றல் மட்டங்களை நம் விருப்பத்துக்கு மாற்றுவது கடினம், சூட்டில் திரளும். 2015இல் பீகிங் பல்கலைக்கழகத்தின் ஜான் ஷியாவெய் குழு ஐடிஐசி என்ற தட்டையான ஏற்பியைக் கொண்டுவந்தது. 2019இல் சாங்ஷா நகரிலுள்ள மத்திய தெற்குப் பல்கலைக்கழகத்தின் ஜோ யிங்பிங் குழு ஒய்6ஐ வெளியிட்டது, செயல்திறன் 15.7 சதவீதம். ஒய்6 அகச்சிவப்பின் அருகேயுள்ள ஒளியையும் உறிஞ்சும். அதன் உடல் நேராக இல்லாமல் பிறை போல வளைந்திருப்பதால், ஒரே திசையில் அடுக்கிப்போகாமல் பல திசைகளிலும் ஒன்றையொன்று தொட்டு வலைபோல இணைகிறது. எலக்ட்ரானுக்குப் பாதை பல. இத்தகைய ஏற்பிகள் சிலவற்றில் எக்ஸிட்டான் இருபது நானோமீட்டரையும் தாண்டி நகர்வதால், திட்டுகள் கொஞ்சம் பெரிதாக அமைந்தாலும் நட்டமில்லை. இப்போது ஆய்வகச் சாதனைகள் 20 சதவீதத்தையும் கடந்திருக்கின்றன.

இந்த எண்களைப் பார்த்து மயங்குமுன் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, பாதி வழியில் உறைந்த அமைப்பு உறைந்தே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. வெயிலில் கிடக்கும் பேனல் 60, 70 டிகிரிவரை சூடாகும். மூலக்கூறுகள் மெல்ல நகரத் தொடங்கினால், விட்ட இடத்திலிருந்து பிரிவினை தொடரும். பிசிபிஎம் கலந்த படலங்களை நெடுநேரம் சூடாக்கினால் ஃபுல்லரீன் மைக்ரோமீட்டர் அளவுப் படிகங்களாக வளர்வதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். கண்ணாடியாக இறுகும் வெப்பநிலை உயர்ந்த மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுப்பது, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று வேதியியல் முறையில் கட்டிப்போடுவது, இரண்டு ஏற்பிகளைக் கலந்து படிகமாவதைக் குழப்புவது என்று பல மாற்று வழிகளை முயல்கிறார்கள். டிரெஸ்டனைச் சேர்ந்த ஹெலியாடெக் நிறுவனம் கரைப்பானே இல்லாமல் சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கிறது. அங்கே காயும் சிக்கல் கிடையாது, ஒவ்வோர் அடுக்கின் தடிமனையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஈடாகப் பெரிய வெற்றிட அறைகள் வேண்டும்.

இரண்டாவது, சாதனை மின்கலங்கள் விரல்நகத்தைவிடச் சிறியவை, ஸ்பின் கோட்டிங்கில் செய்தவை. தொழிற்சாலையில் பிளாஸ்டிக் சுருள் ஓட ஓட, பிளவு வழியாக மையைப் பாய்ச்சிப் பூச வேண்டும். அங்கே படலம் காயும் வேகம் வேறு. காயும் வேகம் மாறினால் திட்டுகள் மாறும், செயல்திறனும் மாறும். குளோரின் கொண்ட நச்சுக் கரைப்பான்களைத் தொழிலாளர்கள் நடுவே ஆவியாக்கவும் முடியாது, கரைப்பானையும் மாற்றியாக வேண்டும். அதோடு பெரிய பரப்பில் நூறு நானோமீட்டர் படலத்தை ஓட்டை விழாமல் பூசுவது பெரும்பாடு. முந்நூறு நானோமீட்டர் என்றால் அச்சுக்காரருக்கு நிம்மதி. புதிய கலவைகள் பலவற்றில் தடிமன் கூடினால் மின்னூட்டங்கள் வழியிலேயே மறுபடி சேர்ந்து செயல்திறன் இறங்கிவிடுகிறது. பி3எச்டி இதற்கு விதிவிலக்கு. இருநூறு நானோமீட்டருக்கு மேல் பூசினாலும் தாங்கும், சில படிகளிலேயே கிலோக்கணக்கில் செய்துவிடலாம், பலவகைக் கரைப்பான்களுக்கும் ஒத்துவரும். டென்மார்க்கின் ரீசோ வளாகத்தில் ஃபிரெடரிக் கிரெப்ஸ் குழு மீட்டர் மீட்டராகச் சூரிய மின்கலச் சுருள்களை அச்சடித்தபோது அவர்கள் பெரிதும் நம்பியது சாதனை மூலக்கூறுகளை அல்ல, இந்தப் பழைய பி3எச்டியைத்தான்.